இருபது நிமிடத்தில் மீளும் வீடு: சிறு குழந்தைகள் உள்ள ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வது பற்றிக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. அப்படிப் பார்த்த வீடுகளில் ஒன்றைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். இந்த வீட்டில் நடந்தது பெரும்பாலும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பெயர்கள் வேண்டாம். அம்மா, அப்பா, நான்கரை வயது மகள், ஒன்றரை வயதைத் தாண்டிய மகன் என்றே சொல்லிவிடுகிறேன். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. அப்பா முழுநேரம் வெளியே வேலைக்குப் போகிறவர். அம்மா பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்.

"எவ்வளவு செஞ்சாலும் வீடு குப்பையாத்தான் இருக்கு" என்று அம்மா சொன்னார். குழந்தைகள் தூங்கிய பிறகு தினமும் ஒன்றரை மணி நேரமாவது எடுத்து வைப்பதிலேயே போகிறது. மறுநாள் காலை பத்து மணிக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. மாலையில் பொறுமை போய்க் குழந்தைகளிடம் கத்துகிறார். கத்தியதற்காக ராத்திரி வருத்தப்படுகிறார். அப்பாவோடு சண்டை வருவதும் பெரும்பாலும் இதை வைத்துத்தான்.

போய்ப் பார்த்தால் வீடு குப்பையாக இல்லை. சமையல் மேடை துடைத்திருந்தது, குளியலறை சுத்தமாக இருந்தது, எங்கும் நாற்றம் இல்லை. தரை முழுக்கப் பொம்மை, நாற்காலியில் துணிக்குவியல், சாப்பாட்டு மேசையில் பாதி காகிதங்கள், இவ்வளவுதான். ஆனால் அம்மாவின் கண்ணுக்கு இது எல்லாமே ஒரே குப்பையாகத் தெரிந்தது. "எப்படி இருந்தா போதும்னு உங்களுக்குத் தோணும்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கைப்பேசியில் சேமித்து வைத்திருந்த சில படங்களைக் காட்டினார். வெள்ளைச் சுவர், வெள்ளை அலமாரி, ஒரே நிறக் கூடைகள். படத்தில் குழந்தை இல்லை. அப்பாவிடம் அதே கேள்வியைக் கேட்டபோது, "எனக்கு இப்படியே ஓகேதான்" என்றார்.

எனக்கு இந்த இரண்டு பதில்கள்தான் முக்கியமாகப் பட்டன. ஒருவருடைய எல்லை எட்ட முடியாத உயரத்தில் இருக்கிறது. இன்னொருவருக்கு எல்லையே இல்லை. எங்கே வந்தால் நிறுத்தலாம் என்று இருவரும் சேர்ந்து ஒருநாளும் பேசியதில்லை. நிறுத்தும் இடம் தெரியாத வேலை எத்தனை மணி நேரம் செய்தாலும் முடியாது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டை, ஒரு நேரத்தில் எப்படித் தெரிகிறது என்பதை வைத்து அளப்பதே தவறு என்று நான் நினைக்கிறேன். கலைந்த வீடு எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறது என்பதுதான் சரியான அளவு. இவர்கள் வீட்டுக்கு அது ஒன்றரை மணி நேரம். அதை இருபது நிமிடத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்ப்போம் என்று மூவரும் பேசி முடித்தோம். கலைவதைக் குறைப்பது பற்றி யாரும் பேசவில்லை. குழந்தைகள் விளையாடினால் கலையத்தான் செய்யும்.

முதலில் இவர்களே முயன்று தோற்ற ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் போவதற்குச் சில மாதம் முன்பு அம்மா மூடிபோட்ட பெட்டிகள் வாங்கி, பொம்மைகளை வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார். விலங்குகள் தனி, வண்டிகள் தனி, சமையல் சாமான் தனி, மரக்கட்டைகள் தனி என்று பத்துப் பன்னிரண்டு பெட்டி. இரண்டு வாரம் கூடத் தாங்கவில்லை. ஏன் என்பது பெட்டிகளைப் பார்த்ததுமே புரிந்தது. மகளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. மூடி இறுக்கமாக இருந்தது, சின்னக் கைக்குத் திறக்க வராது. ஒரு பொம்மையை வைக்க மேல் பெட்டியை இறக்க வேண்டும், மூடியைத் திறக்க வேண்டும், போட்டு மூட வேண்டும், மறுபடி அடுக்க வேண்டும். பெரியவர்களே சலித்துப்போவார்கள். ஆக, அந்த ஏற்பாட்டைச் செய்தவரைத் தவிர வேறு யாராலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. தோற்றது அம்மாவின் முயற்சியோ பிள்ளைகளின் ஒழுக்கமோ அல்ல, அந்த மூடிகள்தான்.

முதல் வாரத்தில் எதையும் மாற்றவில்லை. எந்தப் பொருள் எங்கே வந்து விழுகிறது என்று மட்டும் குறித்து வைக்கச் சொன்னேன். சாவியும் பையும் எப்போதும் சாப்பாட்டு மேசையில். செருப்பு, அலமாரிக்கு மூன்றடி முன்னால். மகனின் துணி, குளியலறை வாசலில். பொம்மைகளில் முக்கால்வாசி கூடத்தில், சோபாவுக்கும் சமையலறை வாசலுக்கும் நடுவே. அம்மா எங்கே நிற்கிறாரோ அங்கேதான் குழந்தைகள் விளையாடுகிறார்கள், அதனால் பொம்மைகளும் அங்கேதான் சேர்கின்றன. பொம்மை அலமாரியோ உள்ளறையில் இருந்தது. ஒவ்வொரு பொம்மையும் தினமும் ஒரு அறையைத் தாண்டிப் பயணம் செய்துகொண்டிருந்தது! அலமாரியைக் கூடத்துக்கு இழுத்துப் போட்ட அன்றே மாலை வேலை கண்ணுக்குத் தெரிய குறைந்தது. விழும் இடத்திலேயே கூடை வைப்பது என்று மற்றதற்கும் முடிவானது. குளியலறை வாசலில் அழுக்குத்துணிக் கூடை, கதவோரம் திறந்த செருப்புத் தட்டு, சாவிக்கு ஒரு கொக்கி. கூடத்தின் அழகு இதனால் கொஞ்சம் குறைந்தது உண்மை. அம்மாவுக்கு அது உறுத்தியது. இரண்டு வாரம் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் மாற்றலாம் என்று சொன்னேன். பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்தது பொம்மைகளின் எண்ணிக்கை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிப் பார்த்தபோது அப்பா திகைத்துப் போனார். அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள டொலீடோ பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஒரு சோதனை செய்திருக்கிறார்கள், 2018-ல் வெளியானது. ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரையிலான 36 குழந்தைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். 4 பொம்மை இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். 16 இருந்தபோது ஒன்றைத் தொட்டு, விட்டு, அடுத்ததற்குத் தாவினார்கள். சின்னச் சோதனைதான், அதை வைத்து வீட்டில் நான்கே பொம்மை என்று சட்டம் போட முடியாது. ஆனால் குறைத்தால் குழந்தைக்கு ஏதோ அநியாயம் செய்கிறோம் என்ற உறுத்தல் இந்த அம்மாவுக்கு இருந்தது. அந்தத் தயக்கம் போக இது உதவியது.

மூன்றில் இரண்டு பங்கு பரணுக்குப் போனது. கீழே நான்கு திறந்த கூடைகள், மூடி கிடையாது. ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் ஒரு படம், மகளே வரைந்து ஒட்டியது. இன்ன தேதியில் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை. ஒரு கூடையை யாரும் தொடுவதில்லை என்று தெரிந்தால் அது மேலே போகும், பரணிலிருந்து ஒன்று இறங்கும். பழைய பொம்மை இறங்கும்போது மகள் புதிதாக வாங்கியதைப் போலக் குதிப்பாள் என்று அப்பா சொன்னார்.

பொம்மைகளைப் பிரிக்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். மகன் எதையும் வாயில் வைக்கும் வயது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மையைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் அந்த வயதுக்கு ஆகாது. மகளின் மணிகள், குட்டிக் கட்டைகள், காந்தத் துண்டுகள் எல்லாம் எட்டாத மேல்தட்டுக்குப் போயின. மகன் தூங்கும் நேரத்தில் மேசை மேல் வைத்து அவள் விளையாடுவாள். பட்டன் பேட்டரி போடும் பொம்மைகளில் பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். விழுங்கிய பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இதைத் தொட்டு ஒன்று சொல்கிறேன். குறையில்லாமல் செய்ய வேண்டாம் என்று நான் சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மருந்துகள் பூட்டில் இருக்க வேண்டும். தரை துடைக்கும் திரவங்கள் உயரத்தில் இருக்க வேண்டும், பிளீச்சிங் கரைசலோடு வேறு எந்தக் கழுவும் திரவத்தையும் கலக்கக் கூடாது. வாளியில் தண்ணீர் தேங்கியிருக்கக் கூடாது, தவழும் குழந்தைக்கும் தளர்நடைக் குழந்தைக்கும் ஒரு வாளித் தண்ணீர் போதும் ஆபத்துக்கு. உயர அலமாரியைச் சுவரோடு பிணைத்திருக்க வேண்டும். கழிப்பறைக்குப் போய்வந்த கை, டயப்பர் மாற்றிய கை, சமைக்கும் கை கழுவியிருக்க வேண்டும். இவற்றில் எதையும் "போதும்" என்று விட முடியாது. மடிக்காத துணியையும் கலைந்த புத்தகத்தையும் தாராளமாக விடலாம். இந்த வீட்டில் நேரெதிராக நடந்துகொண்டிருந்தது. அம்மா அலமாரிப் புத்தகங்களை உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். மருந்துப் பெட்டியோ படுக்கை ஓரம் திறந்து கிடந்தது. அது அலட்சியம் அல்ல. எல்லா வேலையும் ஒரே அவசரமாகத் தெரியும்போது கண்ணில் படுவதைத்தான் கை முதலில் செய்யும்.

நிறுத்தும் இடம் எது என்பதைத் தீர்மானிக்க ஒரு மாலை முழுக்கப் போனது. கடைசியில் இரவுக்கு நான்கே நான்கு என்று ஒப்புக்கொண்டார்கள். நடக்கும் வழியில் தரையில் எதுவும் கிடக்கக் கூடாது. சிங்க்கில் பாத்திரம் இருக்கக் கூடாது. சாப்பாட்டு மேசை காலியாக இருக்க வேண்டும். மறுநாள் காலைக்கான பையும் உடையும் கதவோரம் இருக்க வேண்டும். இந்த நான்கு முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க அம்மா விரும்பினார், சோபா மெத்தைகளை நேராக்குவது. அப்பா, "அதைச் சேர்த்தா நாளைக்கு ஆறாவது வரும்மா" என்றார். சேர்க்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பிடித்தது குழந்தைகள் பங்கு. வீட்டில் ஒரு நட்சத்திர அட்டை தொங்கியது. பொம்மை எடுத்து வைத்தால் ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் ஒரு பரிசு. மகள் முதலில் ஆர்வமாகச் செய்து, அப்புறம் "எத்தனை ஸ்டார் தருவீங்க?" என்று பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள். வார்னெகன், டொமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. கை நிறைய பத்திரிகைகளோடு வரும் ஒரு பெரியவர் அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் முட்டிக்கொண்டு நிற்பார். பதினெட்டு மாதக் குழந்தைகள், யாரும் கேட்காமலே, போய்க் கதவைத் திறந்துவிட்டார்கள். 2008-ல் அவர்களே இன்னொன்றைக் காட்டினார்கள். உதவியதற்குப் பொருளைப் பரிசாகப் பெற்ற இருபது மாதக் குழந்தைகள் பிறகு உதவுவது குறைந்தது, எதுவும் கொடுக்கப்படாதவர்கள் தொடர்ந்து உதவினார்கள்.

அட்டையைக் கழற்றிவிட்டோம். அதற்குப் பதிலாக மாறியது சொல்லும் விதம். "எல்லாத்தையும் எடுத்து வை" என்றால் நான்கரை வயதுக் குழந்தைக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. "கார் எல்லாம் இந்தக் கூடைக்கு வரட்டும் பாப்பா" என்றால் தெரியும். மகனுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் புரியும். "பந்தை இதுல போடு கண்ணா" என்று கூடையை அவன் முன் நீட்டினால் போடுகிறான். போட்டுவிட்டு மறுபடி எடுக்கிறான், மறுபடி போடுகிறான். அவனுக்கு அது விளையாட்டு. இதனால் வேலை வேகமாக நடக்காது, சில நாள் இரண்டு மடங்கு நேரம்கூட ஆகும். ஆனாலும் அவனை விலக்கிவிட்டு வேலையை முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றரை வயதில் "தள்ளிப் போ" என்று சொல்லிவிட்டு ஆறு வயதில் "ஏன் உதவ மாட்டேங்குற?" என்று கேட்பதில் நியாயமில்லை.

மகள் அழுது அடம்பிடித்தது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. பாதி கட்டிய வீட்டைக் கலைக்கச் சொன்னபோது அழுதாள். பெரியவர்களுக்கு அது தரையில் கிடக்கும் கட்டைகள். அவளுக்கு நாளைக்கும் தொடர வேண்டிய வேலை. பாதி எழுதிய கடிதத்தை யாராவது வந்து கிழித்து "ராத்திரியாச்சு, இடம் சுத்தமா இருக்கணும்" என்றால் நாம் சும்மா இருப்போமா? கூடத்து மூலையில் ஒரு பெரிய தட்டு வைத்தார்கள். அதில் கட்டியது கலையாது, தம்பியும் தொடக் கூடாது. தட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் கூடைக்குப் போகும். மாலைச் சண்டை பாதிக்கு மேல் இதிலேயே அடங்கியது. ஒரு தட்டு! எல்லாப் பெட்டிகளையும் விட அதிகம் வேலை செய்தது அதுதான் என்பேன்.

பெரியவர்கள் பக்கம் இவ்வளவு சுலபமாக இல்லை. "சொன்னா செய்வேனே, சொல்லவே மாட்டேங்குறா" என்றார் அப்பா. மனசாரத்தான் சொன்னார், செய்யவும் செய்வார். ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டி யோசித்து, அதற்கான வழிகளைத் தேடி, முடிவெடுத்து, நடந்ததா என்று பார்ப்பதே ஒரு வேலை. சமூகவியலாளர் ஆலிசன் டேமிங்கர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் வீட்டின் இந்தச் சிந்தனை வேலையை இப்படி நான்காகப் பிரித்துக் காட்டினார். அவர் பேட்டி கண்ட தம்பதிகளில் முன்கூட்டி யோசிப்பதும் தொடர்ந்து கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் இருந்தது. இதைக் கேட்டதும் அம்மா, "இதுதாங்க, இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

அதனால் வேலைகளைப் பாதிப் பாதியாகப் பங்கிடாமல், ஒரு வேலையை முழுதாகக் கைமாற்றினோம். துணி வேலை முழுவதும் அப்பாவுடையது. துவைப்பது மட்டுமல்ல, சோப்புத்தூள் தீர்வதைக் கவனிப்பது, மகனுக்கு எது சிறிதாகிவிட்டது என்று பார்ப்பது எல்லாம். அம்மா நினைவூட்டக் கூடாது. முதல் மாதம் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் மகளுக்கு உள்ளாடை இல்லாமல் போனது. இன்னொரு நாள் துவைத்த துணி இயந்திரத்திலேயே கிடந்து நாறியது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார், அதுவே பெரிய வேலை என்று நினைக்கிறேன். பிறகு அப்பா தனக்கென ஒரு வழி கண்டுபிடித்தார். குழந்தைகளின் துணியை மடிப்பதே இல்லை. ஆளுக்கு ஒரு இழுப்பறை, மேலாடை ஒரு பக்கம், கீழாடை ஒரு பக்கம், அப்படியே போட்டுவிடுகிறார். அம்மாவாக இருந்தால் ஒருக்காலும் அப்படிச் செய்திருக்க மாட்டார். ஆனால் குழந்தைகள் தினமும் துவைத்த துணிதான் போடுகிறார்கள், சுருக்கம் அவர்கள் ஓடும் ஓட்டத்தில் யாருக்கும் தெரிவதில்லை.

அம்மாவின் வருத்தத்தை நான் வெறும் மனப்பிரமையாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கத் தம்பதிகளிடம் நடத்தி 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது பொருட்குவியல், முடியாத வேலை என்று அதிகம் பேசிய பெண்களுக்கு, நாள் முழுவதும் இயல்பாக இறங்க வேண்டிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு அந்த அளவுக்கு இறங்கவில்லை. கணவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. வீட்டின் குவியல்தான் காரணமா, ஏற்கெனவே சோர்ந்திருப்பவருக்கு வீடு அப்படித் தெரிகிறதா என்பதை அந்த ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் உடலும் சேர்ந்தே பாடுபடுகிறது. "எனக்கு ஓகேதான்" என்று சொல்லும் துணைவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதோடு, பிள்ளை பெற்ற பிறகு வாரக்கணக்கில் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், காரணமின்றி அழுகை வந்தால் அது வீட்டை அடுக்கித் தீர்க்கும் விஷயம் அல்ல, மருத்துவரிடம் போக வேண்டும். இந்த அம்மாவிடம் முதல் நாளே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்படி இல்லை.

மூன்றாவது மாதத்தில் இரவு வேலை இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு வந்திருந்தது. பகலில் போனால் வீடு முன்பு பார்த்த மாதிரியேதான் இருந்தது, தரை முழுக்கப் பொம்மை. உண்மையான சோதனை, இரண்டு குழந்தைகளுக்கும் அடுத்தடுத்துக் காய்ச்சல் வந்த வாரத்தில் வந்தது. நான்கில் ஒன்றுகூட நடக்கவில்லை. சிங்க் நிறைந்தது, துணி மலையானது. முன்பாக இருந்தால் அதிலிருந்து மீள ஒரு மாதம் ஆகும் என்று அம்மா சொன்னார். இந்த முறை காய்ச்சல் விட்ட பிறகு ஒரே மாலையில் சரியானது. மாமியார் வரும்போது அம்மா இன்னும் பதறுகிறார், அது மாறவில்லை. "அத்தை வர்றாங்க" என்று தெரிந்தால் முந்தின இரவு பழையபடி பன்னிரண்டு மணி வரை ஓடுகிறார். மாமியார் ஒருமுறை கூடத்தில் கிடந்த கூடைகளைப் பார்த்துவிட்டு, "இதை அன்னைக்கே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றாராம்.

இந்த வீட்டில் செய்த எல்லாம் எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இங்கே பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், மாற இருவருக்கும் மனம் இருந்தது, பரண் இருந்தது. குழந்தையைத் தனியாக வளர்ப்பவர் ஒருவருக்கு நான்கு என்ற எண்ணிக்கையே அதிகம். நடக்கும் வழியும் சிங்க்கும் போதும் என்று வைத்துக்கொள்ளலாம், அதில் குறை ஒன்றும் இல்லை. ஒரே அறையில் வாழும் குடும்பத்துக்குப் பொம்மைகளை ஒளித்து வைக்க இடமிருக்காது. அங்கே எண்ணிக்கையைக் குறைப்பது மட்டும்தான் வழி.

முடியாமல் நிற்பது மகளின் ஓவியங்கள். தினமும் நான்கைந்து வருகின்றன. போட்டோ எடுத்துவிட்டுக் கழிக்கலாம் என்கிறார் அப்பா, ஒன்றையும் விட மாட்டேன் என்கிறாள் மகள், எதை எறிந்தாலும் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இப்போதைக்கு ஒரு கோப்பு வைத்திருக்கிறார்கள். நிறைந்ததும் எது இருக்கலாம் என்று மகளே பொறுக்கி எடுக்க வேண்டும். முதல் கோப்பு நிறைந்துவிட்டது, அவள் இன்னும் பொறுக்கவில்லை. மகனுக்கு மூன்று வயதானதும் மேல்தட்டில் இருக்கும் சிறு துண்டுகளில் சில கீழே இறங்கும். காந்தத் துண்டுகள் மட்டும் அப்போதும் மேலேயே இருக்கும். கூடைகளை அப்போது மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.